மேனுஜா டீச்சருக்குச் சேரவேண்டிய மௌனம்

காரைதீவு மேனுஜா டீச்சர் பெண்களுக்கு வாய்கட்டுச் சூனியம் செய்கிறார் என்ற கதை, கல்முனைச் சந்தையில் கீரி மீனுக்கும் முன்னமே விற்றுத் தீர்ந்தது. ஜன்னலால் எட்டிப் பார்த்த சாட்சிகளும் உண்டு: ஒரு அறை நிறையப் பெண்கள், ஒரு சத்தமில்லை! ஆணோ பெண்ணோ, கல்முனையில் இத்தனை பேர் சும்மா வாய்மூடி இருப்பார்களா?

சுபைறாவும் அதை நம்பினாள். மருமகள் ஹுஸ்னியா, கலியாணத்துக்காக விட்ட ஓ.எல். பரீட்சைப் படிப்பை அங்கேதான் திரும்பப் படிக்கிறாள்.

"இண்டைக்கு நானும் வாறன். ஏதும் பிழை கண்டன் எண்டா, படிப்பு இண்டையோட சரி."

"வாங்க மாமி. ஆனா அங்க கொஞ்சம் வாயை..."

"என்ட வாய்க்கு என்னடி?"

பரீட்சைக்கு ஒரு மாதம்தான். ஹுஸ்னியா வழியெல்லாம் டீச்சரின் சரித்திரத்தைச் சொல்லிக்கொண்டே போனாள்.

சுனாமி பள்ளிக்கூடத்தைக் கொண்டுபோனபோது தறப்பாள் கூடாரத்தின் கீழ் பாடம் நடத்தியவர் மேனுஜா. உதவிக்கு வந்த ஒரு வெள்ளைக்காரப் பெண்ணைப் பார்த்துக் குவேக்கர் என்ற கிறிஸ்தவச் சபையில் சேர்ந்தார். அந்தச் சபையில் பூசையில்லை, பாட்டில்லை. கூடியிருந்து மௌனம் காப்பார்கள். உள்ளே ஏதும் எழுந்தால் எழும்பிப் பேசலாம், யாரும் மறிக்கமாட்டார்கள். டீச்சருக்குத் தெரிந்து இந்தக் கரையில் அவர் ஒருவரே உறுப்பினர். அதனால் சபை இன்னும் இரண்டாக உடையவில்லை. அவர் யாருக்கும் மார்க்கத்தைக் கொடுக்கவில்லை. பாடத்துக்கு முன் கால்மணி மௌனத்தை மட்டும் கொடுத்தார். வீடுவீடாக ஏறி, "கலியாணம் ஓடிப்போகாது, பரீட்சை போயிரும்" என்று படிப்பை விட்ட பெண்களைத் திருப்பிக் கூட்டிவந்தார். அவர்கள் வீடு போக, பின்னேர பஸ்ஸைச் சந்தியில் நிறுத்தக் கேட்டு டிப்போ வாசலில் பேசாமல் குந்தியிருந்தார். பேசாத ஆளோடு எப்படிச் சண்டை பிடிப்பது? பஸ் நின்றது!

வகுப்பில் மௌனம் தொடங்கியது. சுபைறா விரலை நெரித்தாள், முக்காட்டைத் திருத்தினாள், பொறுக்கமாட்டாமல் எழும்பினாள்.

"என்ன புள்ளையள், மையத்துக் கிடக்கிற ஊடா இது, சத்தமில்லாம?"

ஒருவரும் சிரிக்கவில்லை, மறிக்கவில்லை. டீச்சர் அவள் முகத்தையே பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். சுபைறாவுக்கு இது புதினம். கணவர் மீராமுகைதீன் அவளுடைய முதல் சொல்லிலேயே "சரி, சரி" என்று வாயை அடைப்பவர். மறிப்பில்லாத வாய்க்காலில் தண்ணீர் பாய்ந்தது: எட்டாம் வகுப்பில் கணக்கில் முதலாவதாக வந்தது, பெரியபிள்ளையான கிழமையே புத்தகங்களைக் கட்டிவைத்தது, இன்னும் கனவில் கணக்குச் செய்வது... கால்மணி போய், பாதிப் பாடமும் போய்விட்டது.

"நல்லாக் கதைச்சீங்க ராத்தா," என்றார் டீச்சர். "ஆனா எங்கட மௌனத்தை எடுத்திட்டீங்க. அதைத் திருப்பித் தரோணும்."

"தாறன் டீச்சர், நாளைக்கே தாறன்! மருமகள் படிக்கட்டும். எனக்கும் ஒரு கொப்பி வாங்கிட்டு வாறன்."

ஹுஸ்னியா பரீட்சை எழுதி முடித்தாள். முன்வாங்கில் இப்போது கொப்பியோடு மாமி குந்தியிருக்கிறாள். மௌனத்தை மட்டும் கொடுத்தபாடில்லை. நேற்றும் நடுவில் எழும்பிவிட்டாள். வட்டி ஹராம் என்பதால், கடன் அதே கால்மணியாக நிற்கிறது.