குட்டித்தீவு கம்பெனியின் பழ விளையாட்டு

குகனைப் பற்றிச் சொல்வதென்றால் முதலில் அவனுடைய வீறாப்பைத்தான் சொல்லணும். பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் நல்ல வேலை. மாசம் பிறந்தால் சம்பளம், சீக்கு வந்தால் கம்பெனி மருத்துவக் கார்டு. அத்தனையையும் உதறிவிட்டு, "நான் வீடியோ கேம் செய்யப் போறேன்"னு கிளம்பின ஆள். ஜார்ஜ்டவுனில் ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியை வாடகைக்குப் பிடித்து, குட்டித்தீவு என்று பேர் வைத்தான். மூணு பேர், மூணு கம்ப்யூட்டர், பாதி நாள் ஓடாத ஏர்கோன். அவ்வளவுதான் கம்பெனி.

முதல் விளையாட்டு, கடைசி ஃபெரியைப் பிடிக்க ஓடுகிற ஒரு மீன்காரியைப் பற்றியது. வருஷக்கணக்கில் இழைத்து இழைத்துச் செய்தார்கள். ஒரு விழாவில் பரிசு கிடைத்தது, பேப்பரில் படம் வந்தது. சொந்தக்காரர்கள் எல்லாம் அந்தப் படத்தை வாட்ஸ்அப்பில் சுற்ற விட்டு, "சூப்பர்லா குகன்!" என்றார்கள். விளையாட்டை வாங்கத்தான் ஆளில்லை. சூப்பர் சொன்னவர்களில் பாதிப்பேர் ஆளுக்கு ஒண்ணு வாங்கியிருந்தாலே அவன் பிழைத்திருப்பான். கைதட்ட மட்டும் நல்லா வரும் நம்ம ஆளுங்களுக்கு!

சம்பளம் தள்ளித் தள்ளிப் போனதும், படம் வரைகிற அதிரா பத்து காவான் என்கிற ஊரில் ஒரு ஃபேக்டரிக்குப் போய்விட்டாள். பாவம், அவளைக் குறை சொல்ல முடியாது. கார்த் தவணை நிக்குமா? மிச்சம் இருந்தது அஃபிக் ஒருத்தன். தமிழ் முஸ்லிம் பையன், புரோகிராம் எழுதுகிறவன். கடல் பாலத்துக்கு அந்தப் பக்கம், சிம்பாங் அம்பாட்டில் அம்மா சலேஹாவோடு இருக்கிறான். தொழுகை நேரம் வந்தால் கம்ப்யூட்டரை அப்படியே விட்டுவிட்டு மூலையில் விரிப்பைப் போட்டுவிடுவான். "சம்பளம் லேட்டானா பரவாயில்லைண்ணே, நம்ம அடுத்த கேம் வரட்டும்" என்பான். இப்படிச் சொல்கிறவனிடம் எந்த முதலாளியால் முகம் பார்த்துப் பேச முடியும்?

கடையை மூடிவிடலாம் என்று இருந்த நேரத்தில்தான் அந்த வெளிநாட்டு வேலை வந்தது. ஆன்லைன் சூதாட்டக் கம்பெனி ஒன்றுக்கு ஸ்லாட் விளையாட்டு செய்து தரணும். பழங்கள் சுழன்று வந்து நிற்கும், ஒரே பழம் வரிசையாக விழுந்தால் பணம். குட்டித்தீவை ஒரு வருஷம் தாங்கிப் பிடிக்கிற வேலை. இந்தத் தொழிலில் வயிற்றைக் கழுவ எத்தனை பேர் செய்கிறார்கள், நான் மட்டும் என்ன புத்தனா என்று குகன் தன்னைத் தானே சமாதானம் பண்ணிக்கொண்டான். சரி, அது அவன் பாடு. ஆனால் அஃபிக்? சூதுக் காசு அவனுக்கு ஹராம். சொன்னால் தொடமாட்டான், பையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவான். அவன் இல்லாமல் அந்த வேலையைச் செய்ய ஆளும் கிடையாது.

குகன் சொல்லவில்லை. "சின்னப் பிள்ளைங்க கேம், தம்பி. பழம் சேர்க்கிற விளையாட்டு" என்று கூசாமல் புளுகினான். கிளையண்ட் அனுப்பிய விவரத்தில் பந்தயம், பணம் என்று வந்த இடத்தையெல்லாம் தானே உட்கார்ந்து வெட்டி எடுத்தான். பழம் சுழல்கிற பாகத்தை மட்டும் அஃபிக்கிடம் கொடுத்தான். பணம் கட்டுகிற பாகம் அந்த வெளிநாட்டுக்காரன் கையில் இருந்ததால் பையனுக்குச் சந்தேகம் வர வழியில்லை. படித்த மூளை இதற்குத்தான் பயன்பட்டது. வெக்கக்கேடு!

அஃபிக் முட்டாள் இல்லை. ஒருநாள் கேட்டான்: "ஏண்ணே, ரெண்டு ரம்புத்தான் விழுந்து மூணாவது ஒரு மயிரிழையில தப்பிப் போற மாதிரியே அடிக்கடி வருது? பிள்ளைங்க பாவம் இல்லையா?"

"அப்பத்தான் மறுபடியும் விளையாடுவாங்க லா" என்றான் குகன். அதில் பொய்யே இல்லை. அதுதான் அவனை இன்னும் குத்தியது.

பிள்ளைகள் சந்தோஷப்படணும் என்று அஃபிக் தானாக என்னென்னமோ செய்தான். டுரியானுக்குக் கண் வைத்தான். பழம் சேர்ந்தால் சிரிக்கிற சத்தத்துக்கு, வீட்டில் தன் அம்மா வாய்விட்டுச் சிரித்ததைப் போனில் பதிவு பண்ணி வந்து போட்டான். "அம்மா சிரிச்சா எந்தப் பிள்ளையும் சிரிச்சிரும்ணே!" வேண்டாம் என்று சொல்லக் குகன் ஒரு காரணம் தேடினான், கிடைக்கவில்லை. கிளையண்டுக்கு அந்தச் சிரிப்பு ரொம்பப் பிடித்துப்போய், பேசியதற்கு மேலேயே கொடுத்தான். அந்த மேல்காசை அப்படியே அஃபிக்கிடம் போனஸ் என்று நீட்டினான் குகன். தாராளம் ஒன்றுமில்லை. மனசு உறுத்தியது, அதற்கு ஒரு பிளாஸ்திரி.

பையன் கண்கலங்கிவிட்டான். "அண்ணே, இதுல அம்மாவ உம்ராவுக்கு அனுப்பிச்சிருவேண்ணே" என்றான்.

குகன் அந்த இடத்திலேயே சொல்லியிருக்கணும். மக்காவுக்குப் போகிற காசு, அது எப்படிப்பட்ட காசாக இருக்கணும் என்று அவனுக்கும் தெரியும்தானே? வாயைத் திறந்தான். "ரொம்ப சந்தோஷம் தம்பி" என்றுதான் வந்தது.

பயணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் சிம்பாங் அம்பாட் வீட்டில் துஆ ஓதி கெண்டூரி விருந்து வைத்தார்கள். வீட்டு வாசலில் கூடாரம், பிளாஸ்டிக் நாற்காலி, பிரியாணி வாசம். போகாமல் இருக்க குகன் எத்தனையோ சாக்கு யோசித்தான். கடைசியில் பாலத்தைத் தாண்டிப் போய்விட்டான். உம்ரா போகிறவர்கள் கிளம்பும் முன்னால் வந்தவர்கள் ஒவ்வொருத்தரிடமும் மன்னிப்புக் கேட்பது அங்கே வழக்கம். சலேஹாம்மா வெள்ளை முக்காட்டோடு ஒவ்வொரு நாற்காலியாக வந்தார். குகன் முன்னால் வந்து நின்று இரண்டு கையையும் நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

"தம்பி, தெரிஞ்சோ தெரியாமலோ ஏதாச்சும் தப்பு பண்ணியிருந்தா மாஃப் பண்ணிருங்க. எம்மவன் உங்ககிட்ட வாங்கித் தின்னது, உடுத்துனது, அத்தனையும் மனசாரக் குடுத்ததா எங்களுக்கு ஹலாலாக்கிருங்க. உங்க காசுலதான் நான் அல்லா வீட்டப் பாக்கப் போறேன்."

நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "அய்யோ, என்னம்மா நீங்க... நீங்கதான் என்னை மன்னிக்கணும்" என்றான்.

"நீங்க என்ன தம்பி பண்ணீங்க? எங்களுக்குச் சோறு போட்டீங்க" என்று சொல்லி அவர் அடுத்த நாற்காலிக்குப் போனார்.

அதற்கு மேல் அவனால் உட்கார முடியவில்லை. தட்டை வைத்துவிட்டு, செருப்புகள் குவிந்து கிடந்த கேட் பக்கம் அஃபிக்கைக் கூட்டிப்போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். ஸ்லாட் என்றான், சூதாட்டக் கம்பெனி என்றான். அம்மாவின் சிரிப்பு எங்கே ஒலிக்கிறது என்பதையும் சொன்னான். சொல்லச் சொல்ல அழுகை வந்தது. கூடவே, வெட்கங்கெட்ட மனசு, நெஞ்சு லேசாவதையும் உணர்ந்தான்.

அஃபிக் கத்தவில்லை, அடிக்கவில்லை. அடித்திருந்தால் குகனுக்கு நல்லா இருந்திருக்கும். உள்ளே தன் அம்மா யாரையோ கட்டிப்பிடித்து விடைபெறுவதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"ஆறு மாசமா சொல்லலீங்கண்ணே" என்றான் கடைசியில். "போன வாரம் சொல்லியிருந்தா நான் நிறுத்தியிருப்பேன். எங்கயாச்சும் உழைச்சு, அடுத்த வருசம் அனுப்பியிருப்பேன். சொல்லாமலே இருந்திருந்தா அவங்க நிம்மதியாப் போயிட்டு வந்திருப்பாங்க, பாவம் உங்களோட நின்னுருக்கும். அவங்க பெட்டிய கட்டி வச்சப்புறம் வந்து சொல்றீங்க. உங்களுக்குப் பாரம் எறங்கிருச்சு. இப்ப நான் என்ன பண்ண?"

மன்னிப்புக் கேட்கிறோம் என்று நினைத்துக்கொண்டு தான் செய்த காரியம் என்னவென்று அப்போதுதான் குகனுக்கு உறைத்தது. கூனிக் குறுகி நின்றான்.

"அஃபிக்! துஆவுக்கு வா வாப்பா. ரெண்டு பேரும் அங்க என்ன ரகசியம்?" என்று வாசலிலிருந்து சலேஹாம்மா கூப்பிட்டார்.

அஃபிக் முகத்தைக் கையால் துடைத்தான். அம்மா பக்கம் திரும்பிச் சிரித்தான்.

"ஒண்ணுமில்லம்மா. ஆபீஸ் விஷயம்" என்றான்.

பெற்ற தாயிடம் பொய் சொல்லிப் பழகாத பையன். அம்மா அதை அப்படியே நம்பினார். அவன் உள்ளே போய் அவர் பக்கத்தில் நின்று கையை ஏந்தினான். குகன் கேட் பக்கமே நின்றுகொண்டிருந்தான், உள்ளே போக அவனை யாரும் கூப்பிடவில்லை.