வேகத்துக்கு வக்கீல்

நான்காம் மாடிப் பெரியவர் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்ட அன்று, கதவை ஒரு விரல் அகலம் நெம்பி உள்ளே பார்த்த மெக்கானிக், பார்த்த கையோடு அதை மறுபடி மூடிவிட்டார். கூடி நின்றவர்கள் பக்கம் திரும்பி, உள்ளே ஆயில் கசிந்து கிடக்கிறது, சரிபண்ண நேரம் ஆகும், ஐயா நன்றாகத்தான் இருக்கிறார், எல்லாரும் போய் அவரவர் வேலையைப் பாருங்கள் என்றார். கூட்டம் முணுமுணுத்துக்கொண்டே கலைந்தது. மாடிப்படி துடைக்கும் அக்கா மட்டும் வாளியும் கையுமாக நின்றாள். கதவு திறந்ததும் அவளுக்கு விளங்கியது. பயத்தில் பெரியவருக்கு உடையிலேயே போய்விட்டிருந்தது. மெக்கானிக் தன் மழைக்கோட்டை அவர் இடுப்பில் சுற்றிவிட்டு, "ஆயில் ஒட்டிக்கும்யா, சுத்திக்கிட்டே போங்க" என்றார். பிறகு அக்காவின் கையிலிருந்த துடைப்பானை வாங்கித் தானே தரையைத் துடைத்தார். "ஆயில்தான்க்கா" என்றார், தலையைத் தூக்காமல். "ஆமா தம்பி, ஆயில்தான்" என்றாள் அக்கா.

பொய் சொல்லக்கூடாது என்ற ஒன்றுதான் அவள் பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுவந்த சொத்து. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனாலும் அந்த ஒன்றை விடவில்லை. ஆனாலும் அன்றைக்குச் சாமி கும்பிடும்போது, ஆயில் விஷயத்தை அவள் ஆண்டவன் முன்னால் எடுக்கவே இல்லை.

அந்த மெக்கானிக்கைப் போல நிதானமான மனிதரை அவள் பார்த்ததில்லை. லிஃப்டுக்கு வயதாகிவிட்டதால் வாரா வாரம் வருவார். ஏறுவது எப்போதும் படியில்தான். இத்தனை லிஃப்டைப் பழுது பார்த்துவிட்டு ஏன் இப்படி ஏறி இளைக்கிறீர்கள் என்று ஒருத்தர் கேட்டதற்கு, "மருந்துக்கடைக்காரர் என்ன, தெனமும் மாத்திரையா திங்கறாரு?" என்றார். ஒவ்வொரு மாடியிலும் நின்று கதவில் உள்ளங்கையை வைப்பார். காய்ச்சல் பார்க்கிற மாதிரி இருக்கும். பிறகு காதை ஒட்டிவைப்பார். யாராவது என்ன கோளாறு என்று அவசரப்படுத்தினால், "இருங்க, அது சொல்லட்டும்" என்பார். அது சொல்லும்வரை இவரும் வாய் திறக்க மாட்டார். திறக்கவும் முடியாது; உதட்டில் நாலைந்து திருகாணிகளைக் கவ்வியிருப்பார். லிஃப்டை அவர் அம்மா என்றுதான் சொல்லுவார். "அம்மாவுக்கு இன்னைக்கு முட்டி பிடிச்சிருக்கு." "அம்மா கோவமா இருக்கா, ரெண்டாம் மாடியில நிக்க மாட்டேங்குறா."

மூன்றாம் மாடி டீச்சருக்கு இந்த நிதானம் ஆகாது. இவர் லிஃப்டைப் பழுது பார்க்கிறாரா, இல்லை அதற்குப் பாட்டு சொல்லிக்கொடுக்கிறாரா என்று படியில் மூச்சு வாங்கிக்கொண்டே கேட்பாள். டீச்சருக்குத் தெரியாதது ஒன்று உண்டு. லிஃப்ட் வேலை சீக்கிரமே முடிந்துவிடும். மிச்சப் பொழுதெல்லாம் கீழ்த்தளத்தில், அக்காவின் அறையில் போய்க்கொண்டிருந்தது.

அந்த அறை லிஃப்ட் குழியை ஒட்டியது. நடுவில் ஒரே சுவர். அறையில் அக்காவோடு அவளுடைய தம்பி இருந்தான். வீட்டில் சின்னவன் என்று கூப்பிட்டுப் பழக்கம். பேருக்குத்தான் சின்னவன், காதோரம் நரைத்துவிட்டது. ஒரு பெரிய கிடங்கில் சாமான் தூக்கும் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவன். ஒருநாள் வண்டியைத் திருப்பும்போது மேலே அடுக்கியிருந்த பெட்டிகள் சரிந்து, கூட வேலை பார்த்தவரின் காலில் விழுந்தன. அந்த மனிதர் தேறி, கொஞ்சம் சாய்ந்த நடையோடு வேலைக்கே திரும்பிவிட்டார். உன்மேல் எனக்கு வருத்தமில்லை என்று ஆள் மூலமாகச் சொல்லியும் அனுப்பினார். சின்னவன் திரும்பவில்லை. "நான் வேகமாத் திருப்பிட்டேன்க்கா" என்று ஒரே ஒரு தடவை சொன்னான். அதன்பிறகு அறையை விட்டு வெளியே கால் வைக்கவில்லை. அக்கா ஆண்டவனிடம் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. வேலைக்குப் போகவேண்டாம், சம்பாதிக்க வேண்டாம். தெருவாசல் வரைக்கும் வந்து கொஞ்சம் வெயிலில் நின்றால் போதும் என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அறைக்குள் அவனுக்கு ஒரு பழைய டிவியும், அதில் ஆடும் ஒரு பழைய விளையாட்டும்தான் துணை. முகத்தைக் கறுப்புத் துணியால் மூடிய ஒருவன், நிஞ்சா என்று பேர், கையில் வாளோடு கூரைகளின்மேல் பதுங்கிப் பதுங்கிப் போவான். அவன் திருடனா நல்லவனா என்பதே அக்காவுக்கு வெகுநாள் பிடிபடவில்லை.

ஒருநாள் மெக்கானிக் குழிக்குள் இறங்கி அடியில் எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தபோது, சுவருக்கு அந்தப் பக்கம் நிஞ்சா செத்து விழும் சத்தம் கேட்டிருக்கிறது. மறுபடி, மறுபடி, ஒரே இடத்தில். அவர் திருகாணிகளை உதட்டிலிருந்து எடுத்துவிட்டுச் சுவரைத் தட்டினார். "பாலத்துல குதிச்சிடாதீங்க தலைவரே. அந்தக் காவக்காரன் கொட்டாவி விடுவான். அதுவரைக்கும் இருங்க."

சத்தம் நின்றது. அக்கா கையில் இருந்த பாத்திரத்தைக் கீழே வைக்காமலே நின்றாள். கொஞ்சம் கழித்து விளையாட்டு மறுபடி ஓடியது. இந்தத் தடவை வேறு ஒரு பாட்டு வந்தது, பாலத்தைத் தாண்டினால் வருகிற பாட்டாம். சின்னவன் எழுந்துபோய்ச் சுவரில் ஒரு தட்டுத் தட்டினான். அடுத்த வாரத்திலிருந்து மெக்கானிக் கை கழுவிக்கொண்டு உள்ளேயே வந்து உட்கார ஆரம்பித்தார். எத்தனை சோப்பு போட்டாலும் அந்தக் கையில் எண்ணெய் வாடை போகாது.

இரண்டு பேருக்கும் அந்த விளையாட்டில் ஒரே கருத்து. அதனாலேயே பேச்சு சீக்கிரம் தீர்ந்துவிடும். ரெண்டு பேரும் தலையாட்டிவிட்டு டிவியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அப்போதுதான் அந்தப் பழைய விளையாட்டையே கம்பெனிக்காரர்கள் இடித்துக் கட்டி, புதுசாக வெளியிட்டார்கள். சின்னவன் டிவியோடு மாட்டியிருந்த பழைய விளையாட்டு மெஷினில் அது ஓடாது. மெக்கானிக் தன் வீட்டு மெஷினையே துண்டில் சுற்றிக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

புதிய நிஞ்சா பதுங்கவில்லை. சுவரில் ஓடினான், காற்றில் சுழன்றான், கண் மூடித் திறப்பதற்குள் ஏழெட்டுப் பேரைச் சாய்த்துவிட்டு அடுத்த கூரையில் நின்றான். டிவி முழுக்க மின்னல். சின்னவனுக்கு அடியோடு பிடிக்கவில்லை. இது நிஞ்சாவா, வாலில் தீப்பிடித்த எலியா என்றான். மெக்கானிக் அவனை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு, இதுதான் அசல் நிஞ்சா, பழையவன் வாடகைக்கு வீடு பார்க்கிறவன் மாதிரி கூரை ஓடு ஒவ்வொன்றையும் தடவித் தடவிப் போனான் என்று ஆரம்பித்தார்.

"யாரு பேசுறது பாரு. ஒரு போல்ட்டு திருக உங்களுக்கு அரை நாள் வேணும். நீங்க வேகத்துக்கு வக்கீலா?" என்றான் சின்னவன்.

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். தம்பி ஒருத்தரைக் கிண்டல் பண்ணி எத்தனை காலம் ஆகிவிட்டது.

வழக்கு வாரா வாரம் நடந்தது. அந்த விளையாட்டை ஆடுகிறவர்கள் தங்கள் அபிப்பிராயத்தை எழுதும் பக்கம் ஒன்று போனில் உண்டு. இரண்டு பேரும் அதிலிருந்து சாட்சி சேர்த்தார்கள். ஒருவர் கண் எரிகிறது என்று எழுதியிருந்தார். இன்னொருவர் இத்தனை நாள் கழித்து இப்போதுதான் தூக்கம் கலைந்தது என்றார். வாள் உறையிலிருந்து வரும்போது முன்பு ஒரு சத்தம் வருமே, அதை எங்கே தொலைத்தீர்கள் என்று ஒருவர் அழாத குறையாகக் கேட்டிருந்தார். கைக்குழந்தைக்காரி ஒருத்தி, பிள்ளை முழிப்பதற்குள் ஒரு கட்டம் முடிகிறது, மகராசனாக இருங்கள் என்று கம்பெனியை வாழ்த்தியிருந்தாள். சின்னவன் மாதக்கணக்கில் ஒருவருக்கும் ஒரு வரி எழுதாதவன், நீளமாக எழுதிப் போட்டான். பதில் வந்ததும் அக்காவைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினான். அவளுக்குப் பாதி புரியவில்லை. தலையை மட்டும் விடாமல் ஆட்டினாள்.

ஒருநாள் அவள் இரண்டாம் மாடிப் படியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மேலே மெக்கானிக் யாரோ சிநேகிதரிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார். "பழசு முன்னாடி இது நிக்குமா? உசுரே இல்லப்பா. ஒரே பரபரப்பு. நான் ரெண்டு நாள்லயே மூடி வெச்சுட்டேன்."

அக்காவுக்குத் துணி பிழியக் கை ஓடவில்லை. அவர் கீழே இறங்கி வந்ததும் வழியை மறித்துக்கொண்டு நின்றாள். "ஏன் தம்பி, அவன்கிட்ட வேற சொல்றீங்க, வெளியில வேற சொல்றீங்க?"

அவர் மாட்டிக்கொண்ட பிள்ளை மாதிரி காதைச் சொறிந்தார். "நானும் 'ஆமா தலைவரே'ன்னு சொல்லிட்டா அதோட பேச்சு முடிஞ்சிருமேக்கா."

"அவனுக்குத் தெரிஞ்சா?"

"திட்டுவாரு. திட்டட்டும். அதுவும் பேச்சுதானே."

அவள் வழியை விட்டாள். சரி என்றும் சொல்லவில்லை, தப்பு என்றும் சொல்லவில்லை. அன்றைக்குச் சாமி முன்னால் கொஞ்சம் கூடுதலாகவே உட்கார்ந்திருந்தாள்.

இரண்டு வாரம் போனதும் அந்த முடிச்சு அவிழ்ந்தது; அவிழ்த்ததும் மெக்கானிக்கேதான். வழக்கம்போல மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். வேகம் என்ன பாவம் செய்தது என்று அவர் கேட்டார். சின்னவன் கையிலிருந்த, நிஞ்சாவை ஆட்டிவைக்கும் பொத்தான் கட்டையைக் கீழே வைத்தான். குரல் இறங்கிவிட்டது.

"காத்திருக்கணும்ணே. சுத்தி யாரு நிக்கிறாங்கன்னு பாத்துட்டுத்தான் திரும்பணும். பாக்காமத் திரும்பினா அடிபடறது நாம இல்ல, அடுத்தவன்."

அவன் விளையாட்டைப் பற்றிப் பேசவில்லை என்பது மூன்று பேருக்குமே தெரிந்தது. அக்கா அடுப்பை அணைத்தாள். மெக்கானிக் ஒரு கதவில் காதை வைத்திருப்பவர் போல உட்கார்ந்திருந்தார். பிறகு, பழைய விளையாட்டில் ஒருதடவை விழுந்தால் என்ன ஆகும் என்று கேட்டார். முதல் கூரையிலிருந்து வரவேண்டும் என்றான் சின்னவன். புதியதில்? விழுந்த இடத்திலேயே எழுந்து நிற்பான்.

"எனக்கு இந்தப் புதுசு பிடிக்கவே இல்ல தலைவரே. வேகமும் பிடிக்கல, வெளிச்சமும் பிடிக்கல. இத்தனை நாளா உங்ககூடப் பேசணும்னு சும்மாதான் கட்சி கட்டினேன். ஆனா இது ஒண்ணு மட்டும் நெசமாவே பிடிச்சிருக்கு. விழுந்தவன் எதுக்கு முதல்லேருந்து வரணும்?"

சின்னவன் அவரைப் பார்க்கவில்லை. "சும்மாவா" என்றான். கொஞ்சம் பொறுத்து, "கிளம்புங்கண்ணே" என்றான்.

அவர் போனார். அதற்கடுத்த வாரம் வந்து கதவைத் தட்டியபோது உள்ளேயிருந்து பதில் இல்லை. அக்கா வாசலில் நின்று கையைப் பிசைந்தாள். அவர் பரவாயில்லை என்று தலையசைத்துவிட்டுப் படியேறினார். இருந்த ஒரு ஜன்னலும் அடைபட்டுவிட்டதே என்று அவள் நினைத்தாள். அந்தச் சுவரின் இரண்டு பக்கமும் சத்தமில்லை. ஆண்டவனே, அந்த மனிதர் நல்லதுக்குச் செய்தது, நீ கணக்கில் வைக்காதே என்று வேண்டிக்கொண்டாள். யாருக்காக வேண்டினோம், அவருக்கா தம்பிக்கா என்று அவளுக்கே தெளிவில்லை.

பிறகு ஒரு மத்தியானம் அவள் வாளியோடு திரும்பியபோது அறைக்குள் விளையாட்டுச் சத்தம் கேட்டது. புதிய நிஞ்சா. விழுந்தான், உடனே எழுந்தான், மறுபடி விழுந்தான். அவள் உள்ளே போகாமல் கதவுக்கு வெளியே உட்கார்ந்துகொண்டாள். மறுநாளும் அதே சத்தம்.

இதற்கிடையில் கட்டடத்துச் சங்கத்தார் கூடிப் பேசி, கொஞ்சம் சுறுசுறுப்பான ஆளாக அனுப்பும்படி லிஃப்ட் கம்பெனிக்குச் சொல்லியிருந்தார்கள். கம்பெனி வேறு ஆளைப் போட்டது. இன்றோடு கடைசி என்று மெக்கானிக் சொன்னபோது அக்கா பாதிப் படி துடைத்திருந்தாள். மனசு கேட்காமல் அறைக்குப் போய்ச் சின்னவனிடம் சொல்லிவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து துடைத்தாள்.

கொஞ்ச நேரத்தில் ஈரப் படியில் செருப்பில்லாத கால் சத்தம். சின்னவன் அவளைத் தாண்டி மேலே ஏறிக்கொண்டிருந்தான். கைப்பிடியைப் பிடித்து, மாடிக்கு ஒருதரம் நின்று, மறுபடி ஏறினான். அவள் துடைத்த படியெல்லாம் அவன் பாதம் பதிந்தது. மற்ற யாராவது அப்படி மிதித்திருந்தால் ஒரு பாட்டம் திட்டியிருப்பாள். இப்போது வாளியை ஓரமாக இழுத்துக்கொண்டு, அந்தத் தடங்களைத் துடைக்காமல் நின்றாள்.

மேலே, மொட்டைமாடி மோட்டார் அறையில் குரல் உயர்ந்தது. சின்னவன்தான் பேசினான். புது விளையாட்டில் மூன்றாவது கோட்டை பரவாயில்லை, மற்றதெல்லாம் குப்பை, என்னிடம் நடித்ததற்கு உங்களை மன்னிக்கவில்லை, மதில் ஓட்டத்தில் மட்டும் கம்பெனிக்காரன் கொஞ்சம் மூளையைச் செலவழித்திருக்கிறான். மெக்கானிக் நடுநடுவே இல்லை இல்லை என்றார். இந்தத் தடவை நிஜமாகவே இல்லை என்றார்.

சண்டை போட்டுக்கொண்டே இருவரும் கீழே வந்தார்கள். சின்னவன் அறைக்குள் போய், மெஷினைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனான். மதில் ஓட்டத்தைப் பற்றிய சண்டை முடிவதற்குள் தெருவாசல் வந்துவிட்டது. வெயில் அவன் தோள்மேல் விழுந்தது. அவன் அதைக் கவனித்த மாதிரி இல்லை. அக்கா துடைப்பானை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு தூரத்திலேயே நின்றாள்.

"இந்தாங்கண்ணே, உங்க மெஷின்" என்று சின்னவன் நீட்டினான்.

மெக்கானிக் அதைப் பார்த்தார். தோளில் தொங்கிய பையை இறக்கி ஒரு கையில் பிடித்துக்கொண்டார். அதற்குள்ளிருந்து பெரிய ஸ்பானரை எடுத்து இன்னொரு கையில் வைத்துக்கொண்டார்.

"எனக்கு ரெண்டு கையும் நெறஞ்சு கெடக்கு தலைவரே. நீங்களே ஒருநாள் கொண்டாந்து குடுங்க. இனிமே எனக்கு வேலை பஸ் நிலையத்துக்குப் பின்னால ஆஸ்பத்திரியில. லிஃப்ட்டுக்கிட்ட வந்து கேளுங்க, அங்கதான் இருப்பேன்."