ரிப்பன் கட்டிய கதவு

போன ஆடி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஓவர்டைம் முடித்ததும் வீட்டுக்குக்கூடப் போகாமல், ஆவடிப் பக்கம் இருக்கும் கால்பந்து மைதானத்துக்கு ஓடினேன். பெண்கள் அரையிறுதி ஆட்டம். என் மகள்தான் கோல்கீப்பர்.

நான் பத்தாவது வரை படித்தவள். ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் தையல் வேலை. நிறுத்தம் வந்ததும் பஸ்ஸில் "இறங்கணும்" என்று குரல் கொடுக்கக் கூச்சப்பட்டு, அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்து வந்திருக்கிறேன். அப்படிப்பட்ட ஆள்.

அந்த மைதானத்தை எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். அப்போது வெறும் பொட்டல். ஷிப்டு முடித்த கம்பெனி ஆட்கள் சட்டையைக் கழற்றி மரத்தில் மாட்டிவிட்டு ஆடுவார்கள். பிறகு சுற்றுச்சுவர் வந்தது, கேலரி வந்தது, விளக்குக் கம்பங்கள் வந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு கல்வெட்டு, அதில் வரிசையாகப் பெயர்கள். பெண்கள் ஆட ஆரம்பித்துப் பல வருடம் கழித்துத்தான், அவர்களுக்கும் உடை மாற்ற ஒரு அறையும் கழிப்பறையும் வேண்டும் என்று யாருக்கோ தோன்றியது. கேலரிக்குக் கீழே, ரோஸ் நிற டைல்ஸ் ஒட்டிக் கட்டி முடித்தார்கள்.

இடைவேளை விசில் ஊதியதும் மகள் என்னிடம் ஓடி வந்தாள். முகம் வெளுத்திருந்தது. "ம்மா, வந்துடுச்சும்மா" என்று காதோரம் சொன்னாள். மாதவிலக்கு. போட்டிருந்ததோ வெள்ளை டிரவுசர். மாற்று உடை பையில் இருந்தது, மாற்றிக்கொள்ளத்தான் இடமில்லை. கேலரி முழுக்க ஆண்கள். உடை மாற்றாமல் அவள் மறுபாதியில் இறங்க முடியாது. அணியில் வேறு கோல்கீப்பரும் கிடையாது.

அவளைக் கூட்டிக்கொண்டு பெண்கள் அறைக்குப் போனேன். கதவில் பூட்டு. குறுக்கே ஒரு சிவப்பு ரிப்பன். பக்கத்தில் நாற்காலி போட்டுக் காவலாளி உட்கார்ந்திருந்தார். சாவிக்கொத்து அவர் இடுப்பில்தான் தொங்கியது.

"அண்ணே, கொஞ்சம் தொறந்து விடுங்கண்ணே."

"தொறப்பு விழா இன்னும் நடக்கலம்மா. தொகுதிப் பெரியவரு வந்து ரிப்பன் வெட்டணும்."

"எப்ப வருவாரு?"

"போன மாசமே வர்றதா இருந்திச்சி. தேதி குடுக்கல. செவுத்துக்கு அந்தாண்ட போங்கம்மா, இத்தினி நாளா எல்லாம் அங்கதான போய்க்கினு கீறாங்க."

சுவருக்கு அந்தப் பக்கம் டீக்கடையும் லாரி நிறுத்தமும்தான். ரிப்பனைப் பார்த்தேன். வெயிலில் சாயம் போய், ஓரத்தில் சிலந்தி வலை பின்னியிருந்தது.

அதற்குள் போட்டி நடத்துபவர் இரண்டு பேரோடு வந்தார். வெள்ளைச் சட்டைக்காரர். பாத்ரூமுக்காகத் திறக்கச் சொல்கிறோம் என்று காவலாளி சொன்னதைக் கேட்டுச் சிரித்தார். "கொஞ்ச நேரம் அடக்கிக்கினு ஆடச் சொல்லும்மா. பிளேயர்னா இதுகூடத் தாங்க மாட்டாளா?" கூட வந்தவர்களும் சிரித்தார்கள். மகள் என் முதுகுக்குப் பின்னால் ஒண்டினாள்.

எனக்குள் என்ன நடந்தது என்று தெரியவில்லை.

"அடக்க முடியாது சார்! அவளுக்குத் தூரம் வந்துகீது. ரத்தம் போவுது. எங்க, நீ அடக்கிக் காட்டு!"

என் புருஷனிடம்கூட வாய்விட்டுச் சொல்லாத வார்த்தை, கேலரி முன்வரிசை வரைக்கும் கேட்டது. சிரிப்பு நின்றுவிட்டது. பூந்தமல்லியிலிருந்து வந்திருந்த, அணியில் ஆடும் இன்னொரு பெண்ணின் அம்மா, பர்தா போட்ட அக்கா, என் பக்கத்தில் வந்து நின்றார். "ரிப்பனுக்குக் கீற மரியாத புள்ளைக்கு இல்லியா நைனா?"

என் பையில் கம்பெனியில் நூல் பிசிர் வெட்டும் கட்டர் கிடந்தது. எடுத்தேன். ஒரே வெட்டு. ரிப்பன் கீழே விழுந்தது.

"விழா முடிஞ்சிது. சாவிய எடு" என்றார் அக்கா.

காவலாளி வெள்ளைச் சட்டைக்காரரைப் பார்த்தார். அவர் தரையைப் பார்த்தார். பூட்டு திறந்தது.

உள்ளே வாஷ்பேசினில் சுற்றியிருந்த பிளாஸ்டிக் தாளைக்கூடப் பிரிக்கவில்லை. குழாயைத் திருகினேன். புஸ்ஸென்று காற்றுதான் வந்தது. தண்ணீர் இணைப்பே கொடுக்காமல்தான் ரிப்பன் கட்டி வைத்திருக்கிறார்கள்! அணிப் பெண்கள் குடிக்க வைத்திருந்த பாட்டில்களைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அந்தத் தண்ணீரில் கழுவிக்கொண்டு, உடை மாற்றிக்கொண்டு, விசில் ஊதும்போது மகள் கோல் கம்பத்துக்கு நடுவில் நின்றாள்.

அன்று தோற்றோம். அதில் எனக்கு வருத்தமில்லை.

சில வாரம் கழித்துப் பெரியவர் வந்தார். அதே கதவில் புது ரிப்பன், தட்டில் வெள்ளிக் கத்தரிக்கோல். பூத்தூவ ஜெர்சி போட்ட பெண்கள் வேண்டும் என்று கேட்டு அனுப்பினார்கள். நான் மகளை அனுப்பவில்லை. தனியாகப் போய், கூட்டம் கலையும் வரை காத்திருந்து, உள்ளே குழாயைத் திருகிப் பார்த்தேன். அப்போதும் காற்றுதான்.

அன்றிலிருந்து எங்கே ரிப்பன் கட்டிய கதவைப் பார்த்தாலும், உள்ளே தண்ணீர் வருமா என்று சத்தமாகவே கேட்டுவிடுகிறேன். கூச்சம் இன்னும் போகவில்லை, ஆனால் என் முதுகுக்குப் பின்னால் ஒண்டி நின்ற மகளை நினைத்தால் கோபம் அதை முந்திக்கொள்கிறது.