739739-இல் நின்ற மெஷின்

அந்த ஜெராக்ஸ் கடைக்காரருக்கு வாய் கொஞ்சம் நீளம். அதை அவரே ஒப்புக்கொள்வார். "மூளையில மிச்சம் பிடிச்சதை ஆண்டவன் நாக்குல வச்சுட்டான்" என்பார். மெஷினின் சின்னத் திரையில், அது பிறந்ததிலிருந்து எடுத்த பிரதிகளின் மொத்தக் கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். ஆள் வராத நேரத்தில் அந்த எண்களை வகுத்துப் பார்ப்பதுதான் அவருக்குப் பொழுதுபோக்கு.

ஒரு நாள் திரை 739739-ஐக் காட்டியது. சொன்னதையே திருப்பிச் சொல்வதுபோல் அப்படியொரு லட்சணம்! அவர் சட்டென்று மெஷினை நிறுத்திவிட்டார்.

கட்டுக் காகிதத்தோடு வக்கீல் குமாஸ்தா காத்திருந்தார்.

"என்னங்க, பேப்பர் சிக்கிடுச்சா?"

"இல்ல சார். இது பகா எண். எதாலயும் வகுபடாது. கொஞ்ச நேரம் கண்ணாரப் பாத்துக்கறேனே."

"எனக்குக் கோர்ட்டுக்கு நேரமாச்சுங்க!"

அந்நேரம் பார்த்து கடைக்காரரின் அக்கா வினாத்தாளோடு உள்ளே வந்தாள். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். திரையை ஒரு தடவைதான் பார்த்தாள்.

"யாருடா சொன்னது, பகா எண்ணுன்னு?"

"நானே வகுத்துப் பாத்தேன்க்கா."

"மூணு இலக்கத்தை ரெண்டு தரம் எழுதினா, அதை ஆயிரத்தொண்ணால பெருக்கினதாத்தான் அர்த்தம். ஆயிரத்தொண்ணு, ஏழு பதினொண்ணு பதிமூணு மூணையும் பெருக்கினா வர்றது. அப்ப இதுவும் அந்த மூணு எண்ணாலயும் வகுபடுமே. ஏழால வகுத்தியா?"

"வகுத்தேனே! மீதி ரெண்டு வந்துச்சு."

வீணாய்ப்போன தாளின் பின்பக்கம் போட்டிருந்த கணக்கை அவர் வீறாப்பாக நீட்டினார். அக்கா விரலை வைத்துக்கொண்டே வந்து நடுவில் நிறுத்தினாள்.

"ஏழாறு எவ்வளவு?"

"நாப்பத்தொண்..." பாதியிலேயே நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"பதினொண்ணு, பதிமூணு?"

"ஏழே போகலையே, அதுங்க எங்கே போகப்போகுதுன்னு விட்டுட்டேன்."

குமாஸ்தா கோர்ட்டை மறந்து குலுங்கிச் சிரித்தார். கடைக்காரருக்குக் காது சூடாகிவிட்டது. தரையில் விழுந்த கிளிப்பைத் தேடும் சாக்கில் குனிந்தவர், அங்கேயே உட்கார்ந்து தானும் சிரிக்க ஆரம்பித்தார். நாற்பது வயதுக்குமேல் வாய்ப்பாட்டில் தோற்றுப்போனதைவிட, அதை வைத்துக்கொண்டு ஊருக்கு உபதேசம் செய்யக் கிளம்பியதுதான் அவரைப் படுத்தியது.

எழுந்து குமாஸ்தாவின் கட்டை எடுத்து ஓட்டினார். தாள்களைத் தட்டி அடுக்குவதில் திரைப் பக்கம் தலையைத் திருப்பவே நேரமில்லை. கட்டு முடிந்து குமாஸ்தா ஓடியதும் அக்கா சொன்னாள்:

"இப்ப நீ ஓட்டினதுக்குள்ள நிஜமான பகா எண் எத்தனையோ போயிருக்கும்டா."

"போகட்டும்க்கா, அதுங்களாவது தப்பிச்சுதே" என்று சொல்லி, அவள் கையிலிருந்த வினாத்தாளை வாங்கினார்.