கோணல் தையலுக்கு ஒரு ஸ்டூல்

1. ஒரிஜினலைக் காணோம்

காலையில் என் மேசை மேல் இருந்த ஒரிஜினல் சாம்பிள், டீ குடித்துவிட்டு வருவதற்குள் காணாமல் போயிருந்தது.

2005 வாக்கில் நடந்தது இது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சன்டைசராகச் சேர்ந்து எனக்கு ஒரு வருடம்கூட ஆகவில்லை. மெர்ச்சன்டைசர் என்றால், துணி வாங்குகிற வெளிநாட்டு பையருக்கும் நம் கம்பெனிக்கும் நடுவில் நிற்கிற ஆள். பையர் கேட்பதை உள்ளே சொல்ல வேண்டும், உள்ளே நடப்பதை பாதி மறைத்து பையருக்குச் சொல்ல வேண்டும். இரண்டு பக்கமும் திட்டு விழும்.

காணாமல் போனது சாதாரண சாம்பிள் இல்லை. சாம்பல் நிறத்தில் ஒரு பழைய ஸ்வெட் ஷர்ட். என்னைவிட வயது கூடியது. பையரின் டிசைனர் தன் ஊரில் பழைய துணிக்கடை ஒன்றில் தேடிப் பிடித்தது. கழுத்து நைந்து போயிருந்தது. இடது முழங்கையில் ஒரு ஓட்டை. கீழ் மடிப்பில் டீ சிந்தியது போலக் கறை. ‘இதை இப்படியே காப்பி எடுங்கள், ஓட்டை உட்பட. ஒரிஜினலைப் பத்திரமாகத் திருப்பி அனுப்புங்கள், உலகத்திலேயே இது ஒன்றுதான் இருக்கிறது’ என்று மெயிலில் எழுதியிருந்தார்.

அவர் ஏன் அப்படி எழுதினார் என்று அந்த கம்பெனியில் எனக்கு ஒருத்திக்குத்தான் புரிந்திருக்கும். கல்லூரியில் படிக்கும்போதே எனக்குப் பழைய துணிப் பைத்தியம். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் காதர்பேட்டையில் இருப்பேன். எக்ஸ்போர்ட்டில் கழிந்த துணிகளைக் குவித்துப் போட்டிருப்பார்கள். அந்தக் குவியலுக்குள் கையை விட்டு, கண்ணால் பார்க்காமலே நல்ல துணியை விரலால் கண்டுபிடித்து இழுப்பதில் ஒரு சுகம் இருக்கிறது. அது புதுத்துணிக் கடையில் கிடைக்காது. அப்பாவின் பழைய பெல்பாட்டத்தை வெட்டி நானே தைத்த பையைத்தான் ஆபீசுக்கு மாட்டிக்கொண்டு போவேன். தாராபுரத்தில் அம்மா அதைப் பார்த்துவிட்டு, “எக்ஸ்போர்ட்டு கம்பெனில வேலை, தோள்ல கந்தலு. பாக்கறவங்க என்ன நெனப்பாங்கடி?” என்று புலம்பியது இன்னும் காதில் இருக்கிறது.

அப்படிப்பட்ட நான் அந்த ஸ்வெட் ஷர்ட்டைத் தேடி ஓடினேன். மதியம்தான் செக்கிங் செக்‌ஷனில் கிடைத்தது.

நடந்தது இதுதான். சாம்பிளிங்கில் அளவெடுத்தவர், ஓட்டை எங்கே, கறை எங்கே என்று நினைவு வைத்துக்கொள்ளச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர்களை ஒட்டியிருந்தார். எங்கள் ஊரில் துணியில் சிவப்பு அம்பு இருந்தால் ஒரே அர்த்தம்தான்: இங்கே பழுது, சரி செய். மேசையில் கிடந்ததை யாரோ எடுத்து செக்கிங்கில் போட்டுவிட்டார்கள். செக்கிங்கில் அம்பு காட்டிய வேலையைச் செய்துவிட்டார்கள்.

கறை போய்விட்டது. கறை எடுக்கிற ஸ்பாட் கன்னால் அடித்திருந்தார்கள். அயர்ன் போட்டு மடித்தும் விட்டார்கள். முழங்கை ஓட்டை அடைபட்டிருந்தது.

அடைத்தவர் சகாயமேரி அக்கா. சாத்தான்குளம் பக்கத்திலிருந்து புருஷனோடும் மகளோடும் வந்தவர். துணியில் இழை அறுந்து கண் விழுந்தால், ஓட்டை விழுந்தால், கட்டிங் வேஸ்ட்டில் நூல் உருவி அடைப்பது அவர் வேலை.

“அக்கா, என்ன பண்ணி வெச்சிருக்கீங்க?” என்றேன்.

“ஏன் மேடம், ஓட்டைய அடச்சிருக்கேம்லா. நம்மகிட்ட இந்த வெளுத்த கலருக்கு நூல் இல்ல. அதான் நேவி போட்டேன். துணி இத்துப் போய்க் கெடக்கு, இழுத்தா கையோட வருது. அதான் தையல் அங்கயும் இங்கயுமா ஓடிட்டு.”

“அந்த ஓட்டைக்குத்தான் ஆர்டரே வந்திருக்கு!”

பக்கத்து டேபிளில் நின்ற ஈஸ்வரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “ஏனுங் மேடம், ஓட்டைய எக்ஸ்போர்ட்டு பண்றாங்களா? அப்படின்னா என்ற ஊட்டுக்காரரு பனியன் பூராத்தையும் அனுப்பிச்சு உடறனுங்க.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிரிக்கலாமா என்று பார்த்தோம். பிரித்தால் துணியே வந்துவிடும். முதலாளியிடம் போய் நின்றேன். அவர் அந்த ஷர்ட்டின் கையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். கருநீல நேவி நூல் சாம்பல் துணியில் கோணல் மாணலாக, மழையில் ஓடிய கோழியின் கால் தடம் மாதிரி இருந்தது.

“போட்டோ புடிச்சு அனுப்பிச்சு மன்னிப்புக் கேட்டுருங்கம்மிணி. ஆர்டரு போனா போகுது. பொய் சொல்லி மாட்டிக்க வேண்டாமுங்க.”

அனுப்பினேன். மறுநாள் பதில் வந்தது. டிசைனர் கோபப்படவில்லை. அந்தத் தையலைப் பார்த்துத் துள்ளிக் குதித்திருந்தார். யார் இதைச் செய்தது, இதே மாதிரி ஒவ்வொரு பீஸிலும் கையால் செய்ய முடியுமா, இதுதான் நான் தேடிய உயிர் என்று எழுதியிருந்தார்.

2. உட்காரும் வேலை

செக்கிங்கில் ஸ்டூல் கிடையாது. உட்கார்ந்தால் கண் அசரும், பழுது தப்பிவிடும் என்று எல்லா கம்பெனியிலும் ஒரு நம்பிக்கை. காலையிலிருந்து வேலை முடியும்வரை நிற்க வேண்டும். சகாயமேரி அக்காவுக்குக் காலில் நரம்பு புடைத்து, கெண்டைக்காலில் நீலநீலமாகச் சுருண்டு கிடக்கும். துணி வேஸ்ட்டைக் கிழித்துக் கட்டிக்கொண்டுதான் நிற்பார். இப்படியே நின்றால் புண்ணாகிவிடும், உட்கார்ந்து செய்கிற வேலையாகப் பார்த்துக்கொள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கிடைக்காவிட்டால் ஊருக்குத்தான் திரும்ப வேண்டும். ஊரில் வேலை இல்லை என்றுதான் இங்கே வந்ததே. மகள் இங்கே பத்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள்.

கைத்தையல் ஆர்டர் உறுதியானதும் அக்கா என்னிடம் வந்து ஒன்றே ஒன்றுதான் கேட்டார். “மேடம், இதுக்கு ஒரு ஸ்டூல் தருவாவளா?”

நான் முதலாளியிடம் கேட்டேன்.

“கையில தைக்கறதுன்னா உக்காந்துதானுங்கம்மிணி தைக்கோணும். நின்னுக்கிட்டா தைப்பாங்க?” என்றார். அன்றே ஐந்து மர ஸ்டூல்கள் வந்தன. அக்காவுக்கு ஒன்று, அவர் தேர்ந்தெடுத்த நான்கு பெண்களுக்கு நான்கு. ஈஸ்வரியும் அதில் ஒருத்தி.

ஜன்னல் ஓரத்தில் அந்த ஐந்து பேரும் உட்கார்ந்து தைத்த முதல் சில நாட்கள்தான் என் வேலை வாழ்க்கையிலேயே நான் சந்தோஷமாக இருந்த நாட்கள். படித்த படிப்பும், பிடித்த பைத்தியமும், வாங்குகிற சம்பளமும் ஒரே இடத்தில் வந்து நிற்பது எத்தனை பேருக்கு வாய்க்கும்? மதியம் சாப்பிட்டுவிட்டு நானும் ஒரு ஊசியோடு போய் உட்கார்ந்துகொள்வேன். கழுத்துப் பட்டிக்கான ரிப் துணி வேஸ்ட்டைச் சுருட்டிப் பூ தைக்க ஈஸ்வரி சொல்லித் தந்தாள். நான் அதைப் பையில் குத்திக்கொண்டேன்.

“இங்க பாருங்க, மேடம் கந்தலுக்குப் பூ வெச்சுட்டாங்க, இனி மாப்பிள்ளை பாக்கறதுதான் பாக்கி” என்றாள்.

அக்கா தலை நிமிராமல் சிரித்தார். ஸ்டூலுக்குக் கீழே அவர் கால்கள் கட்டு இல்லாமல் நீட்டியிருந்தன.

3. கை பழகிவிட்டது

முதல் லாட் போனது. டிசைனருக்குப் பிடித்தது. இரண்டாவது லாட்டுக்கு பையரின் பையிங் ஆபீசிலிருந்து தரம் பார்க்கிற கியூசி வந்தார். அப்ரூவ் ஆன சாம்பிளை ஒரு பக்கமும் புது பீஸை ஒரு பக்கமும் வைத்துப் பார்த்தார். மறுபடி பார்த்தார். “இது மெஷின் ஒர்க். ஹேண்ட் ஒர்க்னுதானே கமிட் பண்ணீங்க?” என்றார்.

“கையாலதான் சார் தைச்சது. அதோ உக்காந்திருக்காங்க பாருங்க.”

“நான் ஆளைப் பாக்க வரல. பீஸைத்தான் பாப்பேன். பையர் கடையில தொங்கப்போறது பீஸுதான்.”

நானும் பார்த்தேன். அவர் சொன்னது பொய் இல்லை. முதல் சாம்பிளில் நூல் தடுமாறி, ஒன்றின் மேல் ஒன்று ஏறி, இரண்டு இடத்தில் வழி தவறிப் போயிருந்தது. இப்போது ஒவ்வொரு இழையும் அடுத்த இழைக்குப் பக்கத்தில் வரிசையாக நின்றது. வாஷ் செய்து நைய வைத்த துணியில் முதலில் தடுமாறிய ஐந்து பேரும் இதற்குள் அதே தையலை நூற்றுக்கணக்கான முறை போட்டிருந்தார்கள். நாளுக்கு நாள் தையல் அழகாகிக்கொண்டே வந்திருக்கிறது. தினமும் பார்த்துக்கொண்டிருந்ததால் எங்கள் யார் கண்ணிலும் அது படவில்லை.

லாட் ரிஜெக்ட்.

சகாயமேரி அக்காவிடம் நான் போய்ச் சொல்ல வேண்டியிருந்தது. “அக்கா, கொஞ்சம் கோணலா தைக்கணும்.”

“கோணலா தைக்கணும்னா தைச்சுக்கிடலாம். எவ்வளவு கோணல்னு சொல்லுங்க.”

சாம்பிளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தைத்தார். கோணல் வந்தது. ஆனால் எல்லாப் பீஸிலும் அதே கோணல், அதே அழகு. கோலத்தில் இழை வளைகிற மாதிரி வளைந்தது. கியூசி இதுவும் ஆகாது என்று தலையை ஆட்டிவிட்டார்.

“பத்து வருசமா ஓட்டை இருந்த எடமே தெரியாம அடைக்கதுக்குத்தான் கையப் பழக்கி வச்சிருக்கேன். இப்ப தைக்கத் தெரியாத மாதிரி தையின்னு சொல்லுதிய. கை கேக்க மாட்டங்குது மேடம்” என்றார் அக்கா.

இடது கையால் முயன்றார். விரலில் ஊசி குத்தி, சாம்பல் துணியில் ரத்தப் பொட்டு விழுந்தது. அதற்கு ஒரு சிவப்பு அம்பு ஒட்டினார்கள். தைக்கத் தெரியாத புது ஆட்களை உட்கார வைத்துப் பார்க்கலாம் என்று முதலாளி யோசனை சொன்னார். வைத்தோம். மூன்றாம் நாள் அவர்களுக்கும் கை வந்துவிட்டது. அப்போது மட்டும் முதலாளி சிரித்தார். “வேலை கத்துக்காதீங்கன்னு என்ற ஆயுசுல இப்பத்தானுங்க சொல்றேன்.”

வேறு யாரும் சிரிக்கவில்லை. ஷிப்மென்ட் நெருங்கிக்கொண்டிருந்தது.

4. பஞ்சிங்

கடைசியில் வழி கண்டுபிடித்தது எம்ப்ராய்டரி யூனிட். அக்கா முதன்முதலில் தடுமாறித் தைத்த, இன்னும் எங்களிடமே இருந்த ஒரிஜினல் ஷர்ட்டின் கையை ஸ்கேன் செய்தார்கள். பஞ்சிங் மாஸ்டர், அதாவது டிசைனைக் கம்ப்யூட்டரில் குத்துகிறவர், ஒவ்வொரு தடுமாற்றத்தையும் அப்படியே ஏற்றினார். நூல் ஏறிய இடம், வழி தவறிய இடம், ஒன்றையும் விடவில்லை. மெஷின் ஓடியது. வரிசையாக இருந்த எல்லா ஊசித் தலைகளிலும் ஒரே நேரத்தில் சகாயமேரி அக்காவின் கை தடுமாறியது.

அக்காவும் வந்து பார்த்தார்.

“என்னைய மாதிரியே தைக்குது” என்றார். பிறகு, “இதுக்கு அலுக்காதுல்லா” என்றார்.

சாம்பிள் அனுப்பினோம். இதுதான், இப்போதுதான் உண்மையான மனிதக் கை தெரிகிறது என்று டிசைனர் எழுதினார். அந்த மெயிலை நான் யாருக்கும் படித்துக் காட்டவில்லை.

ஸ்டூல்களில் இரண்டு எம்ப்ராய்டரி ஆபரேட்டர்களுக்குப் போயின. மீதி பேக்கிங்கில் அட்டைப்பெட்டி வைக்கப் போயின. நான் முதலாளியிடம் போய், அக்காவுக்கு மட்டும் ஒரு ஸ்டூலைச் செக்கிங்கில் விட்டுவைக்கக் கேட்டேன்.

“ஒருத்தருக்குக் குடுத்தா எல்லாருக்கும் குடுக்கோணுமுங்கம்மிணி. அந்தம்மா நல்ல வேலைக்காரிதான், இல்லீன்னு சொல்லல. உக்கார வேலை வரட்டும், மொத ஆளா கூப்புட்டுக்கலாம்” என்றார். அவர் கெட்ட மனிதர் இல்லை. அதனால் அவரோடு சண்டை போடவும் எனக்குத் தெரியவில்லை.

அக்கா மறுபடி நின்றார். காலில் துணிக்கட்டு ஏறியது. பிறகு புண் கசிந்து கட்டின் மேல் ஈரம் தெரிந்தது. மகளின் பரீட்சை முடியும்வரை நின்றுவிட்டு, வேலையை விட்டார். போகிற அன்று மதியம் என் மேசைக்கு வந்தார்.

“வாரேன் மேடம். புள்ளைக்கு ஊர்ல பள்ளிக்கூடம் பாத்தாச்சு. அவுக இங்கயே இருந்து சம்பாதிச்சு அனுப்புவாவ.”

“நான் வேற கம்பெனில கேட்டுப் பாக்கறேன்க்கா. உக்கார்ற வேலை எங்கயாவது…”

“கேளுங்க, கேளுங்க” என்றார். என்னைச் சமாதானப்படுத்துகிற குரல். பெல்பாட்டப் பையைத் தொட்டுப் பார்த்தார். “இந்த ஓரம் பிரியுது பாருங்க. ஊசி இருக்கா?” என்று கேட்டு வாங்கி, என் மேசையில் சாய்ந்து நின்றபடியே தைத்துக் கொடுத்துவிட்டுப் போனார். பிரிந்திருந்த இடம் எதுவென்று பிறகு நான் தேடினேன். தெரியவில்லை.

5. காதர்பேட்டையில்

அதற்குப் பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் போய்க்கொண்டுதான் இருந்தேன். பழக்கம் விடவில்லை. ஒரு நாள் குவியலுக்குள் கையை விட்டபோது விரலுக்குத் தெரிந்த துணி அகப்பட்டது. சாம்பல் ஸ்வெட் ஷர்ட். கழுத்தில் லேபிள் வெட்டியிருந்தது, ரிஜெக்ட் ஆன பீஸை வெளியே விற்பதென்றால் பிராண்ட் பெயரை வெட்டிவிட்டுத்தான் விற்க வேண்டும். முழங்கையில் நேவி நூல், இழைக்கு இழை வரிசையாக.

கடைக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “அது டேமேஜுங்க. முட்டிக்கைல கிழிஞ்சு தைச்சிருக்குது. நல்ல பீஸா எடுத்துக்குங்க” என்றார்.

“இல்லீங்க, இதே போதும்.”

நான் அதைப் போட்டதில்லை. அலமாரியில் இருக்கிறது.

இப்போது நானும் சீனியர் ஆகிவிட்டேன். பழசு மாதிரி தெரிகிற புதுசுக்கும், கைவேலை என்று எழுதிய ஸ்டைலுக்கும் ஆர்டர் வந்துகொண்டேதான் இருக்கிறது. புதிதாக வருகிற பிள்ளைகள் என்னைப் போலவே கண் பளபளக்க, டிசைன் விவரம் எழுதிய டெக்பேக்கைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். நான் அவர்கள் சந்தோஷத்தைக் கெடுப்பதில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். கைவேலை என்று எழுதியிருந்தால், அந்தத் தையலை எத்தனை பீஸில் போட வேண்டும் என்று முதலில் பாருங்கள். போடப் போட எந்தக் கையும் பழகிவிடும். பழகிய கைக்கு இங்கே ஆர்டர் வருவதில்லை. அதைத் தெரிந்துகொண்டு, ஸ்டூல் போடும் முன்னாலேயே பேசுங்கள். உட்கார வைத்த பிறகு ஒருவரை எழுப்புவது, நிற்கவே வைத்திருப்பதைவிடக் கொடுமை.