ஊசியக்கா பிரித்த தையல்கள்

கார் சீட்டுக்கு உறை தைக்கும் கடையில் அவளை எல்லோரும் ஊசியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பதினாறு வருடமாக ரெக்ஸினோடு மல்லுக்கட்டி விரல் நுனியெல்லாம் காய்த்துப்போயிருந்தது. "எங்க அக்கா தைச்ச உறையில ஒரு சுருக்கம் கண்டுபிடிச்சா வண்டியே இனாம்" என்று முதலாளி பீற்றிக்கொள்வார். வண்டி அவருடையது இல்லை என்பதால் தாராளமாகவே பீற்றிக்கொள்வார்.

அந்த வெள்ளைக் காரை ஓர் அப்பாவும் மகனும் கொண்டுவந்தார்கள். மகனுக்குப் பதினெட்டு முடிந்து, லைசென்ஸ் கைக்கு வந்து ஒரு வாரம். சாவியை விரலில் சுழற்றிக்கொண்டே நின்றான்.

"பின் சீட்டுல அந்த பெல்ட் மாட்டுற பக்கிள் குத்துதும்மா. உள்ள தள்ளி மேல மூடித் தைச்சிடுங்க" என்றார் அப்பா.

பத்துப் பேரில் எட்டுப் பேர் சொல்வதுதான். ஊசியக்கா தலையாட்டினாள். மூடித் தைத்தாள்.

இருபது நாள் கழித்து, பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் மூக்கு நசுங்கிய வெள்ளைக் கார் ஒன்றை இழுத்துவந்து நிறுத்தினார்கள். வேடிக்கை பார்க்கப் போனவள் பின்கதவு வழியாக எட்டிப் பார்த்தாள். இரட்டைத் தையல், விளிம்பில் சாம்பல் நிறப் பைப்பிங். அவள் கைவேலை.

"யாருக்கு என்ன ஆச்சு?"

"ஓட்டின பையன் பெல்ட் போட்டிருந்தான்க்கா, தப்பிச்சுட்டான்" என்றார் மெக்கானிக். "வளைவுல வேகமா போய் மரத்துல விட்டிருக்கான். கூடப் படிக்கிற பொண்ணு பின்னாடி இருந்திருக்கு. தூக்கி முன் சீட்டுல அடிச்சிருக்கு. தாடை எலும்பும் போச்சு, தோள் எலும்பும் போச்சு."

ஊசியக்கா சீட்டைத் தடவிப் பார்த்தாள். உறைக்கு அடியில் பக்கிள் கல் மாதிரி கையில் நெருடியது.

இரண்டு நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் அரைநாள் லீவு சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். கட்டிலுக்குப் பக்கத்தில் பெண்ணின் அம்மா உட்கார்ந்திருந்தாள்.

"நீங்க யாரு?"

"அந்த சீட்டைத் தைச்சவ நான்தான்." அதற்கு மேல் என்ன சொல்வதென்று வழியெல்லாம் யோசித்துவைத்தது எல்லாம் மறந்துபோயிற்று. "பக்கிள் இருந்த இடத்தை மூடினது என் கைதாம்மா."

அந்த அம்மா மகளின் போர்வையை இழுத்துச் சரிசெய்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது ஊசியக்காவுக்கு. கட்டிலில் இருந்தவள், கம்பி போட்டுக் கட்டிய தாடையோடு, போனை எடுத்து ஒற்றை விரலால் எதையோ தட்டி நீட்டினாள்.

'வேகம் ஏறினப்ப கையை விட்டுத் தேடினேன்க்கா. கிடைக்கல.'

ஊசியக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. அந்தப் பெண் போனைத் திரும்ப வாங்கி, இன்னொரு வரி சேர்த்தாள்.

'மெதுவா போடான்னு சொல்லியிருக்கலாம். வாய் நல்லாதான் இருந்துச்சு அப்ப. வெட்கமா இருந்துச்சு.'

அதைப் படித்ததும் அவளுடைய அம்மாதான் முதலில் உடைந்தாள். ஊசியக்கா அவளைத் தோளோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். முன்பின் தெரியாத இரண்டு பெண்களும் அழுது ஓய்ந்த பிறகு, அந்த அம்மாவே எழுந்துபோய் டீ வாங்கிவந்தாள்.

மறுநாள் கடையில் ஊசியக்கா கத்தரியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "இனிமே பக்கிளை மூடித் தைக்க மாட்டேன்."

"அக்கா, பக்கத்துக் கடைக்குப் போயிடுவாங்க" என்றார் முதலாளி.

"அப்ப நானும் போறேன்."

"பக்கத்துக் கடைக்கா?"

"வீட்டுக்கு."

முதலாளி தலையைச் சொறிந்தார். அந்த ஊரில் அவளைப் போலத் தைக்க வேறு ஆள் கிடையாது என்பது அவருக்குத் தெரியும். கத்தரியை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

ஆனால் ஏற்கெனவே தைத்துக் கொடுத்தவை ஊரெல்லாம் ஓடிக்கொண்டிருந்தனவே! அந்தப் பெண் படிக்கும் கல்லூரியின் முதல்வரிடம் போய்க் கேட்டாள். கடைக்கு விடுமுறையான செவ்வாய்க்கிழமைகளில், கல்லூரி வாகன நிறுத்தத்தில் ஒரு ஸ்டூல் போட்டுக்கொள்ள அனுமதி கிடைத்தது. அவளுக்கு மேடைப் பேச்சு வராது. பிளேடும் ஊசியும் நூலுமாக உட்கார்ந்து, வருகிற கார்களின் பின் சீட்டைப் பிரித்து, பக்கிளை வெளியே எடுத்து, ஓட்டையைச் சுற்றி ஓரம் அடித்துக் கொடுத்தாள். முதல் வாரம் மூன்றே கார்கள். விஷயம் பரவியதும் வரிசை கட்டினார்கள். உறைக்கு அடியிலிருந்து சீப்பு வந்தது, ஹால்டிக்கெட் வந்தது, ஒரு காரிலிருந்து காதல் கடிதம் ஒன்று வந்து, அது கார்க்காரனுக்கு எழுதியதில்லை என்று தெரிந்து, அங்கே ஒரு தனிக் கூத்தே நடந்தது.

தாடைக் கம்பி எடுத்த பிறகு அந்தப் பெண்ணும் வர ஆரம்பித்தாள். பக்கிள் வெளியே வந்ததும் காரில் வந்த சிநேகிதர்களை நிறுத்துவாள். "இப்ப சத்தமா சொல்லுங்க பார்ப்போம், 'மெதுவா போ'ன்னு." நெளிவார்கள், ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு சிரிப்பார்கள். வீரன் மாதிரி நெஞ்சை நிமிர்த்தி வந்தவர்களுக்கெல்லாம் அந்த இரண்டு சொல் தொண்டையிலேயே நின்றது. சொல்லும்வரை அவள் விடமாட்டாள்.

ஒரு நாள், விபத்தில் காரோட்டிய பையன் நடந்தே வந்து கேட் ஓரமாக நின்றான். ஆஸ்பத்திரிக்கு ஒரே ஒரு தடவை போய், அறை வாசலோடு திரும்பியவன். ஊசியக்கா பார்த்தும் பார்க்காதது போல ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண்தான் போனாள்.

"எவ்வளவு நாளா ஒளிஞ்சிக்கிட்டு இருப்ப?"

"உன் முகத்தைப் பார்க்க முடியல. ஸ்டியரிங்கைத் தொட்டாலே கை நடுங்குது."

"கோபம் இருக்கு. இல்லன்னு சொன்னா பொய். ஆனா நீ வராம இருந்தது அதைவிடக் கோபம்."

அவன் அழுதான். அவள் தடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கூட்டிவந்து, பிரித்த உறையை இழுத்துப் பிடிக்கும் வேலையைக் கொடுத்தாள்.

அவன் மறுபடி காரோட்ட மேலும் நான்கு மாதம் ஆயிற்று. முதல் நாள் பக்கத்தில் அவன் அப்பா, பின்னால் அந்தப் பெண்ணும் ஊசியக்காவும். சிக்னலில் இரண்டு தடவை இன்ஜின் அணைந்தது. பின்னால் ஒரு லாரி ஓயாமல் ஹாரன் அடித்தது. பையனின் காது சிவந்தது. ஊசியக்கா முன்னால் சாய்ந்து அவன் தோளில் கை வைத்தாள்.

"அவனுக்கு அவசரம்னா அவன் பறந்து போகட்டும்ப்பா. எனக்கு லீவு நாள், சாயந்திரம் வரைக்கும் வேலையில்ல."

அந்தப் பெண் சிரித்தாள். சிரித்தால் தாடை இன்னும் கொஞ்சம் வலிக்கும் என்பதால், ஒரு கையால் கன்னத்தைத் தாங்கிக்கொண்டே சிரித்தாள். இன்ஜின் மூன்றாவது தடவை பிடித்துக்கொண்டது.