மழைப் பக்கமும் பனிப் பக்கமும்

போன மழைக்காலத்தில் மகள் கனடாவிலிருந்து லீவில் வந்திருந்தாள். ஒரு மத்தியானம் நாற்காலி மேல் ஏறி நின்று அலமாரியின் மேல்தட்டைத் துழாவிக்கொண்டே, “அம்மா, உன் ஸ்கிராப் புக் எல்லாம் எங்க?” என்றாள். “கரையான் அரிச்சிருக்கும், விடுடி” என்று வாய்கூசாமல் பொய் சொன்னேன். அவள் விடுகிற ஆளா? இரண்டு தடிப் புத்தகங்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கினாள்.

தரையில் காலை நீட்டி உட்கார்ந்து சாயா குடித்துக்கொண்டிருந்த அவள் அப்பா என்னைப் பார்த்தார். நானும் அவரை முறைத்தேன். மகள் விமானம் ஏறுவதற்குள் அவர் அவளிடம் ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும் என்று நான் கெடு வைத்திருந்தேன். “நீங்க சொல்லல, நானே சொல்லிடுவேன்” என்றும் மிரட்டியிருந்தேன். மனுஷன் நாளைக் கடத்திக்கொண்டே இருந்தார். இப்போது புத்தகமே கீழே இறங்கிவிட்டது.

அவை அவள் பள்ளிக்கூடத்தில் புராஜெக்ட் செய்ய வாங்கி மிச்சமான புத்தகங்கள். வீணாகப் போகிறதே என்று நான்தான் ஒட்ட ஆரம்பித்தேன். மட்டாஞ்சேரியில் எங்கள் சந்து கொஞ்சம் தாழ்வு. பெருமழை பெய்தாலும் தண்ணீர் வரும், கடல் ஏறினாலும் வரும். அப்படி வந்த ஒவ்வொரு தடவையும் பேப்பரில் வந்த படத்தை வெட்டி, மைதா பசை காய்ச்சி ஒட்டிவைப்பேன். கட்டில்மேல் அடுப்பை ஏற்றிச் சமைத்த வருஷம் உண்டு. காற்று கிடங்கின் ஓடுகளையெல்லாம் பிய்த்துத் தெருவில் வீசிய வருஷமும் உண்டு. ஓட்டுச் சில்லு ஒன்றைக்கூட ஒட்டப் பார்த்தேன், நிற்கவில்லை. படத்துக்குக் கீழே தமிழில் இரண்டு வரி எழுதுவேன். மகள் படித்தது மலையாளம். என் எழுத்தை அவள் கூட்டிக் கூட்டிப் படிப்பதைக் கேட்டால் சிரிப்பு வரும்.

அந்த மழைப் பக்கங்களில் ராஜா மாதிரி ஒரு படம் இருக்கிறது. என் வீட்டுக்காரர் பெட்டி ஆட்டோ ஓட்டுகிறவர், கிடங்குகளிலிருந்து சுக்கும் மிளகும் ஏற்றிப்போவார். படத்தில் முழங்கால் தண்ணீரில் வண்டி நிற்கிறது, இவர் பல்லெல்லாம் தெரிய உட்கார்ந்திருக்கிறார். அன்றைக்குக் கடைவீதியில் நின்ற வண்டிகளெல்லாம் செத்துப்போக, இவர் வண்டி மட்டும் சரக்கோடு ஊர்ந்து வெளியே வந்தது. “தண்ணியில மாட்டினா எஞ்சினை நிறுத்தக் கூடாது. நிறுத்தினா சைலன்சர் வழியா தண்ணி உள்ள ஏறிடும், வண்டி காலி. ஓடவிட்டுக்கிட்டே இருக்கணும்.” இதை அவர் சொல்லாத ஆள் மட்டாஞ்சேரியில் கிடையாது. மகளுக்கு அரிச்சுவடிக்கு முன்னால் இது தெரியும்.

இரண்டாவது புத்தகம் பனி. மகள் அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸாகப் போனபின் போனில் அனுப்பிய படங்களை ஸ்டுடியோவில் பிரிண்ட் போட்டு ஒட்டினேன். முதல் குளிர்காலம், பனியைக் கையில் அள்ளிக்கொண்டு பைத்தியம் மாதிரி சிரிக்கிறாள். “இதுவும் புயலாம், சத்தமே இல்லாத புயல்” என்று கீழே எழுதியிருக்கிறேன். அடுத்த குளிர்காலம் வழுக்கி விழுந்து மணிக்கட்டில் கட்டு. அதற்கு அடுத்த பக்கத்தில் அவள் வாங்கிய பழைய கார். பனி ஜன்னல்வரை மூடி, கூரையும் கண்ணாடியும் மட்டும் தெரிகின்றன. “சோத்துக்குள்ள புதைச்ச முட்டை மாதிரி இருக்கு” என்று அன்றைக்கு நாங்கள் சிரித்த சிரிப்பு!

அதற்கு அடுத்த பக்கம் காலி. மகள் அங்கே வந்ததும் கை நின்றது.

“இங்க ஏன் ஒண்ணும் ஒட்டல?”

அதற்கு முந்தின குளிர்காலம் என் கண்முன்னால் வந்து நின்றது.

இங்கே விடிந்துகொண்டிருந்தது, அங்கே முந்தின நாள் ராத்திரி ஆரம்பம். நான் இட்லி மாவு விற்கிறவள். காலையில் பாத்திரத்தோடு ஆட்கள் வருவதற்குள் மாவைக் கலக்கிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. “அம்மா, பேடிக்காத. வேலை முடிஞ்சு வர்ற வழியில வண்டி பனியில மாட்டிக்கிச்சு. ரோடே தெரியல. உதவிக்குக் கூப்பிட்டாச்சு, வண்டிக்குள்ளயே இருக்கச் சொன்னாங்க. போன்ல சார்ஜ் இல்ல.” பயப்படாதே என்று சொன்ன குரலே நடுங்கியது.

இவர் என் கையிலிருந்து போனைப் பிடுங்கினார். “மோளே, எஞ்சினை மட்டும் நிறுத்திடாத! என்ன ஆனாலும் ஓடவிட்டுக்கிட்டே இரு. கேட்டியா?” நானும் பக்கத்திலிருந்து, “அப்பா சொல்றதக் கேளுடி!” என்று கத்தினேன். “சரிப்பா” என்றாள். அதோடு போன் செத்துப்போயிற்று.

திரும்பக் கூப்பிட்டால் ஸ்விட்ச் ஆஃப். இவர், “ஹீட்டர் ஓடும், குளிரு தாக்காது. நம்ம புள்ளைக்குச் சொல்லியா குடுக்கணும்?” என்று தைரியம் சொன்னார். எனக்குக் கை ஓடவில்லை. அவள் முகத்தையாவது பார்ப்போம் என்று பனிப் புத்தகத்தை எடுத்துப் பிரித்தேன். பழைய பனியிலெல்லாம் தப்பித்தவள்தானே, இதிலும் தப்பிப்பாள் என்று ஒவ்வொரு படமாகப் பார்த்தேன். முட்டை மாதிரி புதைந்த காரில் வந்து கண் நின்றது. கல்யாணம் ஆன நாளிலிருந்து வண்டிக்காரரோடு குடித்தனம் நடத்துகிறவள் நான். வண்டி என்றால் கண் தானாகப் பின்பக்கம் போகும்.

“ஏங்க, இந்தப் படத்துல சைலன்சர் எங்க இருக்கு?”

“பின்னாடிதான், கீழ.”

“கீழ எங்க? பனிதானே இருக்கு?”

புத்தகத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். தண்ணீராக இருந்தால் புகை குமிழியிட்டு வெளியே வந்துவிடும். பனி அப்படி வழிவிடுமா? குழாயைச் சுற்றி இறுகிக்கொள்ளும். கிடங்கு முற்றத்தில் ஒருமுறை சேறு அடைத்து, புகை முழுக்க உள்ளே திரும்பி, டிரைவர் ஒருவர் மயங்கி விழுந்ததை இவரே என்னிடம் சொல்லியிருக்கிறார். இவர் முகம் வெளுத்துப்போனதை அன்று நேராகப் பார்த்தேன். “என் பகவதியே, ஜன்னலையும் சாத்தியிருப்பாளே” என்றார்.

“அடப் பாவி மனுஷா! உங்க பெட்டி ஆட்டோ ஞானத்தைக் கொண்டுபோய் அடுப்புல போட!” என்று வாய்க்கு வந்தபடி கத்தினேன். நானும் சேர்ந்து கத்தியது அப்போது எனக்கு ஞாபகமே இல்லை. வாய்ஸ் மெசேஜில், “எஞ்சினை நிறுத்துடி, ஜன்னலைத் திறடி” என்று திரும்பத் திரும்ப அனுப்பினேன். எல்லாவற்றிலும் ஒற்றை டிக். ஒன்றும் அவளிடம் போகவில்லை.

அங்கே அவளோடு ஒரே அறையில் தங்கியிருக்கிற பெண்ணின் வீடு பள்ளுருத்தியில். அந்தப் பெண்ணின் நம்பர் எங்களிடம் இல்லை. ஒருமுறை ஊறுகாய் கொடுத்தனுப்பப் போனதால் வீடு மட்டும் தெரியும். கிளம்பும்போது பக்கத்து வீட்டுச் சேச்சி பாத்திரத்தோடு வாசலில் நின்றாள். “எந்தா, இத்ர காலத்தே எங்கோட்டா?” என்று, விடிந்ததும் விடியாததுமாக நாங்கள் எங்கே கிளம்புகிறோம் என்று கேட்டாள். “மாவு உள்ள இருக்கு, நீங்களே எடுத்துக்குங்க” என்று கதவைத் திறந்துபோட்டபடி ஓடினோம்.

பெட்டி ஆட்டோவில்தான் போனோம். தோப்பும்படி ஜங்ஷனில் பிளாக், வண்டிகள் நகரவில்லை. வண்டி நின்றதும் பழக்கதோஷத்தில் டீசல் மிச்சம் என்று எஞ்சினை அணைத்தார். அணைத்துவிட்டு அந்தச் சாவியையே பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு சுலபமாகத் திருகிவிட்டார்! பின்னாலிருந்த பஸ் ஹாரன் அடித்து அலறியதும்தான் நினைவு வந்தது.

பள்ளுருத்தியில் அந்தப் பெண்ணின் அம்மா தன் மகளைப் போனில் பிடித்தார். ஸ்பீக்கரில் போட்டார். “ஆன்ட்டி, இன்னும் அவ வரல. அந்த ரோட்டை அடைச்சிட்டாங்க. பனி தள்ற வண்டி போயிருக்காம்.” “எஞ்சின் ஓடுதும்மா, புகை உள்ள வரும், அவங்ககிட்டச் சொல்லு!” என்று நான் அழுதேன். எஞ்சினை ஓடவிடச் சொன்னது யார் என்பதை நானும் சொல்லவில்லை, இவரும் சொல்லவில்லை. அந்தப் பெண் சொல்கிறேன் என்று வைத்துவிட்டாள். அந்த வீட்டில் சாயா போட்டுக் கொண்டுவந்து வைத்தார்கள். அது ஆடை கட்டி ஆறிப்போயிற்று. இவர் சுவரில் சாய்ந்து, மூடின கண்ணைத் திறக்காமல் நின்றார். பிள்ளைக்கு ஏதாவது ஆகியிருந்தால் இந்த மனுஷனும் அன்றே போயிருப்பார். அவரைக் கொன்றுபோடலாம் போலவும் இருந்தது, கையைப் பிடித்துக்கொள்ளலாம் போலவும் இருந்தது.

ரொம்ப நேரம் கழித்துத் தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. “அம்மா, நான்தான். பனி தள்ற வண்டிக்காரர் போன். அவர் வண்டியிலதான் உக்காந்திருக்கேன். தலை வலிக்குது, வாந்தி எடுத்தேன். இப்போ பரவால்ல.” எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. வாந்தி எடுக்கக் கதவைத் திறந்திருக்கிறாள், அதுதான் அவளைக் காப்பாற்றியது என்று எங்களுக்குப் புரிந்தது. இவர் போனை வாங்கி, “மோளே... மோளே...” என்றார். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. அவள் தெளிவாகச் சொன்னாள். “அப்பா, நீங்க சொன்னதாலதான் பொழைச்சேன். எஞ்சினை நிறுத்தியிருந்தா குளிர்ல உறைஞ்சிருப்பேன்.”

போனை என் கையில் கொடுத்துவிட்டு இவர் வெளியே போனார். நான் பார்த்தபோது வண்டியின் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சைலன்சருக்குப் பக்கத்தில் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்.

அதன்பின் மகள் யாரோடு பேசினாலும், அப்பாதான் காப்பாற்றினார் என்றாள். புகை பற்றி மூச்சே விடவில்லை. அப்படியானால் அவளுக்குத் தெரியாது என்றுதான் நாங்கள் நினைத்தோம். திரும்பிப் போனால் அடுத்த குளிர்காலம் வரும், மறுபடியும் மாட்டுவாள், மறுபடியும் அப்பா வார்த்தையை வேதவாக்காக எடுத்து எஞ்சினை ஓடவிடுவாள். அதனால்தான் நான் கெடு வைத்தேன்.

“சொல்லும்மா, ஏன் காலி?” என்று மகள் மறுபடியும் கேட்டாள். கேட்டுவிட்டு அவளே சொன்னாள். “இங்க அப்பா படத்தை ஒட்டு. அன்னைக்கு என்னைக் காப்பாத்தினது அப்பாதானே?”

இவர் சாயா கிளாஸைக் கீழே வைத்தார். நான் கண்ணாலேயே, இப்போது சொல்லாவிட்டால் நான் சொல்கிறேன் என்றேன். அவர் நகர்ந்து வந்து, பக்கத்தைத் திருப்பி, புதைந்த காரின் படத்தில் விரலை வைத்தார்.

“இந்தா, இங்க கீழ. இங்கதான் குழாய். பனி அடைச்சா புகை உள்ள வரும். நான் அன்னைக்குச் சொன்னது தப்பு மோளே. தண்ணிக்குச் சொல்றதைப் பனிக்குச் சொல்லிட்டேன். உன்னை நான்தான்...” இந்த மனுஷன் வாயிலிருந்து தப்பு என்ற சொல்லை அதற்கு முன் நான் கேட்டதே கிடையாது.

மகள் அவர் விரலைத் தன் கையால் மூடினாள். “தெரியும்பா.”

“என்னடி தெரியும்?” என்றேன்.

“அந்த வண்டிக்காரர் என்னை வெளிய இழுத்ததும் முதல்ல திட்டினதே அதுக்குத்தான். போன்ல அப்பா மோளே மோளேன்னு மட்டும் சொன்னாருல்ல? அவருக்கும் தெரிஞ்சுபோச்சுன்னு அப்பவே புரிஞ்சுது. அதான் அப்படிச் சொன்னேன். சொல்லலேன்னா அவர் திரும்ப வண்டி எடுத்திருப்பாரா?”

எனக்கு வந்ததே கோபம்! “நீ அவரை நினைச்சு மறைச்சே, அவர் உன்னை நினைச்சு மறைச்சாரு. நடுவுல நான் ஒருத்தி இத்தனை மாசமா வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு மாவாட்டினேனே, என்னை யாராவது நினைச்சீங்களா?” என்று இரண்டு பேரையும் பிடித்து உலுக்கினேன். கத்திக்கொண்டிருக்கும்போதே அழுகை வந்துவிட்டது. மகள் என்னைக் கட்டிக்கொண்டாள்.

இவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “வண்டியில ஷவல் வச்சிருக்கியா?” என்றார்.

“வச்சிருக்கேன்பா. மாட்டினா முதல்ல இறங்கிக் குழாயைச் சுத்தித் தோண்டணும், கொஞ்ச நேரம் ஓடவிட்டு அணைக்கணும். ஜன்னல்ல விரலளவு திறந்து வைக்கணும். எல்லாம் தெரியும்.”

“என்ன ஷவல்? இரும்பா?”

“பிளாஸ்டிக்.”

“பிளாஸ்டிக்காம்!” என்று எழுந்து சட்டையை மாட்டினார். மழையோடு கடைவீதிக்குப் போய், கிடங்குகளில் மிளகு அள்ளுகிற, கைப்பிடி குட்டையான இரும்பு ஷவல் ஒன்றை வாங்கிவந்தார். விமானத்துக்கு எடை கூடுதல் என்று மகள் கெஞ்சினாள். அவர் காதில் வாங்கவில்லை. பெட்டியில் புடவைகளுக்கும் நேந்திரங்காய் சிப்ஸுக்கும் நடுவே அதைச் செருகினார், மூடி மூடவில்லை.

நான் பெட்டியிலிருந்து ஊறுகாய் பாட்டில்கள் எல்லாவற்றையும் வெளியே எடுத்து வைத்தேன்.